மோட்டார் ரூமில் மாட்டும் போர்டு: டிராக் அகலமும் இடைவெளியும்

சர்க்யூட் போர்டு லேஅவுட் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "சார், டிராக் எத்தனை மில் போடட்டும்?" (டிராக் என்பது போர்டில் கரன்ட் போகும் செம்புக் கோடு; மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நான் பதிலுக்கு மூன்று கேட்பேன். அதில் எவ்வளவு ஆம்ப் போகும்? பக்கத்து டிராக்குக்கும் அதற்கும் எவ்வளவு வோல்ட் வித்தியாசம்? அந்தப் பெட்டியை எங்கே மாட்டப் போகிறார்கள்? முதல் இரண்டுக்கும் விடை சர்க்யூட்டிலேயே இருக்கிறது. மூன்றாவதைச் சர்க்யூட் சொல்லாது. ஆனால் போர்டு மூன்று மாதம் ஓடுமா பத்து வருஷம் ஓடுமா என்பதை அந்த மூன்றாவதுதான் முடிவு செய்கிறது.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில், விவசாய பம்ப்செட்டுகளுக்கான கன்ட்ரோல் போர்டுகளில். மொபைல் ஸ்டார்ட்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து போன் போட்டால் கிணற்று மோட்டார் ஓட வேண்டும், மூன்று ஃபேஸில் ஒன்று போனால் நிற்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றினாலும் நிற்க வேண்டும். ஒரே போர்டில் ஒரு ஓரம் 415 வோல்ட், இன்னொரு ஓரம் 4 வோல்ட்டில் ஓடும் ஜிஎஸ்எம் மாட்யூல், அதாவது போனை எடுக்கும் பகுதி. அகலத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது 4 வோல்ட் பக்கம். இடைவெளியைப் பற்றி 415 வோல்ட் பக்கம்.

அகலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியே வேறொருவர் வடிவமைத்த ஒரு போர்டு எங்களிடம் சரிபார்க்க வந்தது. புகார் இதுதான்: "மோட்டார் ஓடுதுங்க, போன் போட்டாத்தான் எடுக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா சரியாயிடுது." எங்கள் பட்டறையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எத்தனை முறை போன் போட்டாலும் எடுத்தது. தோட்டத்தில் மட்டும் மாட்யூல் நடுவில் ரீசெட் ஆகிவிடும்.

ஜிஎஸ்எம் மாட்யூல் பேசும்போது கரன்ட்டைச் சீராக இழுப்பதில்லை. 4.615 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 577 மைக்ரோசெகண்டுக்கு மட்டும், ஏறக்குறைய 2 ஆம்ப் வரை இழுக்கும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் சூட்டுக் கணக்கில் அது 0.7 ஆம்ப்புக்குச் சமம். அந்த போர்டில் மாட்யூலுக்குப் போன டிராக் 0.3 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளம். 35 மைக்ரான் கனமுள்ள செம்பில், வெளி லேயரில் (போர்டின் மேற்பரப்பில்) 0.3 மி.மீ. டிராக் 1 ஆம்ப் எடுத்தால் சுமார் 10 டிகிரி சூடேறும் என்பது ஐபிசி-2221 என்ற போர்டு வடிவமைப்புத் தரநிலையின் சூத்திரம். ஆக, சூட்டைப் பார்த்தால் அந்த அகலம் தாராளம். கை வைத்துப் பார்த்தாலும் சில்லென்றுதான் இருந்தது.

கோளாறு வோல்டேஜில் இருந்தது. இங்கே நான் எல்லாருக்கும் சொல்லித் தரும் ஒரு கணக்கு உண்டு. 35 மைக்ரான் செம்பில், அகலமும் நீளமும் சமமான ஒரு சதுரத்துக்கு, அது எவ்வளவு பெரிய சதுரமாக இருந்தாலும், ரெசிஸ்டன்ஸ் சுமார் அரை மில்லிஓம். டிராக்கின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் எத்தனை சதுரம் என்று வந்துவிடும். 60 மி.மீ.யை 0.3 ஆல் வகுத்தால் 200 சதுரம், அதாவது 100 மில்லிஓம். கிரவுண்டு திரும்பி வந்த டிராக்கும் அதே அகலம், அதே நீளம். மொத்தம் 200 மில்லிஓம். 2 ஆம்ப் இழுக்கும் அந்த நொடித்துணுக்கில் 0.4 வோல்ட் டிராக்கிலேயே போய்விடுகிறது. மாட்யூலுக்கு வோல்டேஜ் தரும் ரெகுலேட்டர் 3.8 வோல்ட் கொடுத்தால் மாட்யூலுக்குப் போய்ச் சேர்வது 3.4. இந்த வகை மாட்யூல் பலவற்றுக்குக் கீழ் எல்லையே 3.4 வோல்ட்தான்.

சரி, பட்டறையில் ஏன் வேலை செய்தது? டவர் பக்கத்தில் இருந்தால் நெட்வொர்க்கே மாட்யூலிடம் 'மெதுவாகப் பேசு' என்று சொல்லிவிடும். பவர் குறையும், கரன்ட்டும் குறையும். தோட்டம் டவருக்கு ரொம்பத் தூரம். அங்கே மாட்யூல் முழு மூச்சில் கத்த வேண்டியிருக்கிறது, முழு 2 ஆம்ப்பும் அங்கேதான் ஓடுகிறது. டிராக் அகலம் ஊரைப் பொறுத்தது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ரெகுலேட்டரை மாட்யூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம், டிராக்கை 2 மி.மீ. ஆக்கினோம், கிரவுண்டைத் தனி டிராக்காக இல்லாமல் கீழ் லேயர் முழுக்கச் செம்புப் பரப்பாக விட்டோம், மாட்யூலின் காலடியிலேயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தோம். ரெகுலேட்டரை நகர்த்தாமல், 60 மி.மீ. நீளத்தை அப்படியே விட்டு 2 மி.மீ. அகலம் மட்டும் கொடுத்திருந்தாலும் 30 சதுரம்தான், 15 மில்லிஓம். இடமில்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு அந்த போர்டில் வெற்று இடம் இருந்தது. இதைத்தான் நான் அடிக்கடி சொல்வேன்: செம்பு போர்டு முழுக்க ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, அரித்து எடுப்பதைத்தான் போர்டைச் செய்து தரும் ஃபேப்காரர் செய்கிறார். அகலமாக விடுவதற்குத் தனிக் காசு கிடையாது.

சூடே முக்கியமாகிற இடங்களும் உண்டு. 35 மைக்ரான் செம்பு, வெளி லேயர், 10 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால் 2 ஆம்ப்புக்கு ஏறக்குறைய 0.8 மி.மீ., 3 ஆம்ப்புக்கு 1.4, 5 ஆம்ப்புக்கு 2.8, 10 ஆம்ப்புக்கு 7.2 மி.மீ. கரன்ட் இரட்டித்தால் அகலம் இரட்டித்தால் போதாது, இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். 20 டிகிரி வரை சூடேறட்டும் என்று விட்டால் 10 ஆம்ப்பை 4.7 மி.மீ.யில் முடிக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட மோட்டார் ரூமுக்குள், மூடிய பெட்டிக்குள், சுற்றிலும் இருக்கும் காற்றே ஏற்கெனவே எவ்வளவு சூடு என்று யோசித்துப் பார்த்துத்தான் அந்த 20 டிகிரியைச் செலவழிக்க வேண்டும். நான் இந்த வகைப் பெட்டிகளுக்கு 10 டிகிரியைத் தாண்டுவதில்லை.

அந்தச் சூத்திரத்தின் பூர்வீகம் 1950களில் அமெரிக்காவில் எடுத்த அளவீடுகள். உள் லேயருக்கு வெளி லேயரில் பாதிக் கரன்ட்தான் என்று அதில் இருப்பது கூடுதல் பாதுகாப்புக்காக வைத்தது. 2009இல் வந்த ஐபிசி-2152 புதிதாக அளந்து, உள் லேயர் அவ்வளவு மோசமில்லை, பக்கத்தில் இருக்கும் செம்புப் பரப்பும் போர்டின் கனமும்தான் பெரிதாகப் பேசுகின்றன என்று காட்டியது. நம் மாதிரி இரண்டு லேயர் போர்டு போடுகிறவர்களுக்குப் பழைய சூத்திரமே போதும். போர்டு வரையும் மென்பொருளான கிகேட்டில் உள்ள கால்குலேட்டரும் அதைத்தான் கணக்குப் போட்டுத் தருகிறது.

கான்டாக்டர் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய மின்காந்த ஸ்விட்ச்) காயிலுக்குப் போகும் டிராக் வேறு மாதிரி. மோட்டார் கரன்ட் போர்டு வழியாகப் போவதே இல்லை. கான்டாக்டர் வழியாகத்தான் போகிறது. போர்டில் ஓடுவது காயில் கரன்ட் மட்டும், பிடித்து நிற்கும்போது கால் ஆம்ப் கூட இருக்காது. கணக்குப்படி 0.3 மி.மீ. போதும். நான் 2 மி.மீ. போடுகிறேன், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, காயில் ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போக வேண்டும், டிராக் போகக் கூடாது. 0.3 மி.மீ. டிராக் உருகுவதற்கான அளவு சுமார் 9 ஆம்ப்-ஸ்கொயர்-செகண்ட் (கரன்ட்டின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கியது). அகலத்தை இரட்டித்தால் இது நாலு மடங்காகும். 2 மி.மீ.க்கு 400ஐத் தொடும். ஃப்யூஸின் டேட்டாஷீட்டில் இதே அலகில் ஒரு எண் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது காரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த போர்டு பழுதானால் எங்களிடம் திரும்பி வராது. பக்கத்து ஊர் வைண்டிங் கடையில், 60 வாட் சோல்டரிங் அயர்னை வைத்து, போர்டில் இருக்கும் சின்ன மின்காந்த ஸ்விட்சான ரிலேயைப் பிடுங்குவார்கள். மெல்லிய டிராக்கும் சின்ன பேடும் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) அந்தச் சூட்டுக்கே போர்டை விட்டு எழுந்து வந்துவிடும். அகலமான டிராக், பெரிய பேட், இரண்டும் சேரும் இடத்தில் கண்ணீர்த்துளி வடிவச் சரிவு, இவ்வளவு இருந்தால் இரண்டு மூன்று ரிப்பேர் தாங்கும்.

வியாவை, அதாவது ஒரு லேயரிலிருந்து இன்னொரு லேயருக்குக் கரன்ட்டைக் கொண்டுபோகும் துளையை, மறந்துவிடாதீர்கள். மேல் லேயரில் 3 மி.மீ. டிராக் போட்டு, கீழே இறங்க ஒரே ஒரு 0.3 மி.மீ. வியா வைத்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளையின் சுவரில் 25 மைக்ரான் செம்பு பூசியிருந்தால் அது 0.7 மி.மீ. டிராக்குக்குச் சமம், அவ்வளவுதான். நான்கு ஐந்து வியா சேர்த்து வையுங்கள். அப்புறம், டிராக்கின் மேல் மாஸ்க்கை (போர்டை மூடியிருக்கும் வண்ணப் பூச்சை) திறந்து ஈயம் ஏற்றினால் கரன்ட் இரட்டிப்பாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஈயத்தின் ரெசிஸ்டன்ஸ் செம்பைப் போல எட்டு மடங்குக்கு மேல். 0.2 மி.மீ. கனத்துக்கு ஏற்றினாலும் 24 மைக்ரான் செம்பு கூட்டியதற்குத்தான் சமம். உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதே இடத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைப்பது எவ்வளவோ மேல்.

இனி இடைவெளி. என் மனசு அதிகம் கிடப்பது இங்கேதான், ஏனென்றால் இதில் தவறினால் தீப்பிடிக்கும், ஷாக் அடிக்கும்.

மழைக்காலம் முடிந்து திரும்பி வந்த ஒரு போர்டு, அதுவும் வெளியில் வடிவமைத்தது. ரிலேயின் இரண்டு பேடுகளுக்கு நடுவே, 415 வோல்ட் இருக்கும் இடத்தில், 2 மி.மீ. இடைவெளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் செம்மண் தூசி, எறும்பின் கால்கள், அதற்கு அடியில் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகும் ஒரு பழுப்புக் கோடு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் தேய்த்தோம், தூசி போயிற்று, கோடு போகவில்லை. 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பார்த்தால் முள் ஏறவே இல்லை. கத்தியால் சுரண்டிய பிறகுதான் ஏறியது.

அந்தக் கோடு உருவாகும் விதம் இப்படி. அதிகாலைப் பனியில் தூசி ஈரமாகிறது, ஈரத் தூசி வழியாகக் கொஞ்சம் கரன்ட் கசிகிறது. அந்தக் கசிவே ஓரிடத்தை உலர்த்துகிறது. உலர்ந்த இடத்தில் சின்னப் பொறி. பொறி பட்ட இடத்தில் போர்டின் ரெசின் கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நீளம். ஒரு நாள் இரு பக்கமும் சேர்ந்துவிடும்.

2 மி.மீ. வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐபிசி-2221 பட்டியலைப் பார்த்துத்தான் அவர் வைத்திருப்பார். 415 வோல்ட்டின் உச்சம் 587. அதற்கு அந்தப் பட்டியல் மாஸ்க் பூசிய டிராக்குக்கு 1.1 மி.மீ., வெறும் பின்னுக்கு 1.8 மி.மீ. அளவில்தான் கேட்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் சர்க்யூட் வேலை செய்வதற்கான அளவு; மனிதரைக் காப்பதற்கான அளவு கிடையாது, செம்மண் தூசியையும் அது கணக்கில் எடுப்பதில்லை. மெயின்ஸ் வரும் இடத்தில் பார்க்க வேண்டியது ஐஇசி 60664-1 என்ற இன்சுலேஷன் தரநிலை.

அதில் இரண்டு தூரம் வருகிறது. காற்றுவழித் தூரம், அதாவது நேர்க்கோட்டில் பொறி தாண்டாமல் இருக்க வேண்டியது. பரப்புவழித் தூரம், அதாவது போர்டின் மேல் ஊர்ந்து போகும் கசிவைத் தடுக்க வேண்டியது. காற்றுவழியைத் தீர்மானிப்பது மின்னல், ஸ்விட்சிங் போன்ற திடீர் உச்சங்கள்: 2.5 கிலோவோல்ட் உச்சத்துக்கு 1.5 மி.மீ., 4 கிலோவோல்ட்டுக்கு 3 மி.மீ. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே போனால் காற்று மெலிவதால் இதைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஊட்டி அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, அங்கே அனுப்பும் பெட்டிகளுக்கு இதை மறக்கக் கூடாது.

பரப்புவழியைத் தீர்மானிப்பது அழுக்கு. சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த) போர்டு, 400 வோல்ட், ஆபீஸ் அறை மாதிரிச் சூழல் என்றால் 4 மி.மீ. கேட்கிறது. அதே போர்டு, அதே வோல்டேஜ், ஈரமும் கடத்தும் தூசியும் சேரும் சூழல் என்றால் 6.3 மி.மீ. சர்க்யூட்டில் ஒரு கோடு கூட மாறவில்லை. மாட்டிய இடம் மட்டும் மாறியது. மோட்டார் ரூம் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது வகை. லோடு குறைந்த நேரத்தில் லைன் வோல்டேஜ் 415ஐத் தாண்டி ஏறுவதால் நான் ஒரு படி மேலே, 500 வோல்ட் வரிசையை எடுத்து 8 மி.மீ. வைக்கிறேன். இது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே. விரல் படக்கூடிய 4 வோல்ட் பக்கத்துக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இரட்டை இன்சுலேஷன் வேண்டும், அதற்கு இதைப் போல இரண்டு மடங்கு.

"தண்ணி போகாத பெட்டிதானே சார், எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். பெட்டி ஐபி-65தான். ஆனால் எலக்ட்ரீஷியன் ஒரு வயரை நுழைக்க இன்னொரு ஓட்டை போட்டால் அன்றோடு அது முடிந்தது. எந்தத் தோட்டத்திலும் அந்த இன்னொரு ஓட்டையைப் பார்க்கலாம். பல்லி உள்ளே போவதும் அதன் வழியாகத்தான்.

இடம் போதாத இடத்தில் போர்டை வெட்டி ஸ்லாட் போடலாம். பரப்பில் ஊரும் கசிவு ஸ்லாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் ஸ்லாட் குறைந்தது 1.5 மி.மீ. அகலம் இருந்தால்தான் இந்த அழுக்குச் சூழலில் அது கணக்கில் சேரும். 0.8 மி.மீ. ஸ்லாட் போட்டால் தரநிலை அதை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். மாஸ்க்கை இன்சுலேஷனாக எண்ணவே வேண்டாம், அது ஈயம் பரவாமல் இருக்கப் பூசியது. மேலே வார்னிஷ் பூசுவது நல்லதுதான், ஃப்ளக்ஸைக் கழுவிவிட்டுப் பூசினால் மட்டும். கழுவாமல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் நீலநிற சுகர் க்யூப் ரிலேயைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பொதுக் கான்டாக்ட் பின் இரண்டு காயில் பின்களுக்கு நடுவே வந்து உட்காருகிறது. மையத்திலிருந்து மையத்துக்குத் தூரம் 6.3 மி.மீ.தான். 2.5 மி.மீ. பேட் போட்டால் மிஞ்சுவது 3.8. அதோடு அந்த ரிலேயின் ரேட்டிங்கே 250 வோல்ட். நியூட்ரல் வராமல் மூன்று ஃபேஸ் மட்டும் வரும் தோட்டங்களில் கான்டாக்டர் காயில் 415 வோல்ட்டாக இருக்கும். அங்கே இந்த ரிலே வேண்டவே வேண்டாம். காயில் ஒரு ஓரமும் கான்டாக்ட் மறு ஓரமும் இருக்கும் ரிலேக்கள் கொஞ்சம் விலை கூடுதலாகக் கிடைக்கின்றன. ஃபேஸ் பார்க்கும் ரெசிஸ்டர்களுக்கும் இதே கதை: 1206 அளவு ரெசிஸ்டர் ஒன்றின் எல்லை 200 வோல்ட், அதனால் வரிசையாக மூன்று நான்கு வைத்தே ஆக வேண்டும்.

4 வோல்ட் பக்கத்து இடைவெளிக்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. ஃபேப்காரர் 0.15 மி.மீ. வரை செய்து தருவார். நான் 0.25 கொடுக்கிறேன், கையால் பற்றவைக்கும் போர்டில் ஈயப் பாலம் விழாமல் இருக்க. 70 மைக்ரான் செம்பு கேட்டால் குறைந்தபட்ச இடைவெளியும் கூடும், ஆசிட் பக்கவாட்டிலும் அரிப்பதால்; ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை எல்லாம் மண்டையில் வைத்துக்கொண்டு டிராக் இழுக்க முடியாது. முதல் டிராக் இழுப்பதற்கு முன்பே கிகேட்டில் நெட் கிளாஸ், அதாவது இணைப்புகளின் வகை, பிரித்துவிடுகிறேன்: மெயின்ஸ், ரிலே காயில், மாட்யூல் பவர், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் அகலமும் இடைவெளியும் எழுதிவிட்டால் டிஆர்சி (விதி மீறலைத் தேடும் சோதனை) பார்த்துக்கொள்ளும். 2025இல் வந்த கிகேட் 9இலிருந்து பரப்புவழித் தூரத்தையும், ஸ்லாட்டைச் சுற்றிப் போவது உட்பட, அதுவே அளக்கிறது. அதற்கு முன்பு ஸ்கேல் வைத்துக் கண்ணால் அளந்துகொண்டிருந்தோம். டிஆர்சிக்குத் தெரியாத ஒன்று உண்டு, ஸ்க்ரூவின் தலை. 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு வாஷரோடு சேர்த்து 7 மி.மீ. வட்டம் வேண்டும். அது இரும்புப் பெட்டியைத் தொடுகிறது, எர்த் ஆகியிருக்கிறது. அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து மெயின்ஸ் டிராக்குக்குத் தூரம் அளக்க வேண்டும். நான் ஓட்டையைச் சுற்றி அந்த வட்டத்தையே செம்பு வரக்கூடாத பகுதியாக வரைந்துவிடுகிறேன்.

கெர்பர் (ஃபேப்காரருக்குக் கொடுக்கும் வரைபடக் கோப்பு) அனுப்பும்போது 'முடிந்த நிலையில் செம்பு 35 மைக்ரான்' என்று எழுத்தில் கேட்கிறேன். சும்மா ஒரு அவுன்ஸ் (35 மைக்ரானுக்கு வழக்கமாகச் சொல்லும் பெயர்) என்றால் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். 18 மைக்ரானில் வந்தால் மேலே போட்ட கணக்கில் ரெசிஸ்டன்ஸும் வேண்டிய அகலமும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஸ்லாட்டை எழுத்து லேயரில் வரையாமல் போர்டின் வெளிக்கோடு இருக்கும் லேயரிலேயே வரைகிறேன். முதல் சாம்பிள் வந்ததும் வெறும் போர்டை எடுத்து, பவர் சப்ளையில் 2 ஆம்ப் லிமிட் வைத்து, மாட்யூல் டிராக்கின் இரு முனையிலும் மில்லிவோல்ட் அளக்கிறேன். கணக்கில் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் செம்பு சரியாக இருக்கிறது. பிறகு வெர்னியர் வைத்து ஃபேஸ் பேடுகளுக்கு நடுவே அளந்து, ஸ்லாட் நிஜமாகவே வெட்டியிருக்கிறதா, இல்லை வெள்ளைக் கோடாக அச்சடித்து மட்டும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அசெம்பிளிக்குக் கொடுக்கிறேன்.